மாற்றுப் பள்ளியில் ஒரு நாள்: பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

தமிழ்நாட்டில் முப்பது, நாற்பது குழந்தைகளோடு நடக்கும் சிறு மாற்றுப் பள்ளிகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. சேர்க்க வருகிறவர்களும் சேர்த்துவிட்டு முதல் வருடம் தவிக்கிறவர்களும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொல்லிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். 5 முதல் 11 வயது வரையான 40 குழந்தைகள், மூன்று ஆசிரியர்கள், ஒரு சமையல் அக்கா, வந்துபோகும் பெற்றோர், சுற்றியிருக்கும் ஊர் என்ற அளவிலான பள்ளியை மனதில் வைத்துப் பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன. நேரம் பள்ளிக்குப் பள்ளி சற்று மாறும். வரிசை பெரும்பாலும் மாறாது.

மாற்றுப் பள்ளின்னா என்னங்க? பெல் கிடையாது, யூனிஃபார்ம் கிடையாது, அவ்வளவுதானா?

பெல்லும் சீருடையும் இல்லாதது வெளியே தெரிகிற அடையாளம் மட்டும்தான். உள்ளே மூன்று விஷயங்கள் வேறாக இருக்கும். வெவ்வேறு வயதுக் குழந்தைகள் ஒரே அறையில் இருப்பார்கள். காலை நேரத்தின் பெரும்பகுதியில் எந்த வேலையை எடுப்பது, எவ்வளவு நேரம் செய்வது என்பதைக் குழந்தையே முடிவு செய்யும். சமைப்பது, பெருக்குவது, சண்டையைத் தீர்ப்பது, ஊரில் ஒருவரிடம் போய் ஒன்றைத் தெரிந்துகொள்வது எல்லாம் படிப்புக்கு இடையே வரும் இடைவேளையாக இல்லாமல் படிப்பாகவே நடக்கும்.

இது நேற்று வந்ததல்ல. தாகூர் 1901இல் சாந்திநிகேதனில் மரத்தடியில் வகுப்பு நடத்தினார். மரியா மாண்டிசோரி 1907இல் ரோமில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து இந்திய ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். கைத்தொழில் வழியே படிப்பு என்ற காந்தியின் ஆதாரக் கல்வி 1937இல் வார்தா மாநாட்டில் வடிவம் பெற்றது. பாடத்தைச் சிறு அட்டைகளாகப் பிரித்துக் குழந்தை தன் வேகத்தில் முடிக்கும் அட்டைமுறை ஆந்திராவின் ரிஷிவேலி கிராமப் பள்ளிகளில் உருவானது. அதைப் பின்பற்றி, 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-08இல் அது மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. அந்த வருடங்களில் அரசுப் பள்ளியில் படித்தவர் வீட்டில் இருந்தால் கேளுங்கள். எந்த அட்டைக்குப் பிறகு எது என்று காட்டும் ஏணிப்படி, அட்டைத் தட்டு, சுவரின் அடியில் குழந்தை உயரத்துக்கு ஒரு கரும்பலகை எல்லாம் அவருக்கு நினைவிருக்கும்.

ஒரு நாள் எப்படிப் போகும்? மணிக்கணக்கோட சொல்லுங்க.

8:30க்குக் குழந்தைகள் வரத் தொடங்குவார்கள். 9 மணி வரை வாசல் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர், குடிதண்ணீர்ப் பானை நிரப்புவது. 9 முதல் 9:20 வரை காலை வட்டம். 9:20 முதல் 12 மணி வரை இடைவெளி இல்லாத வேலை நேரம். 12 முதல் 12:30 வரை வெளியே விளையாட்டு. பிறகு 1:15 வரை சாப்பாடும் பாத்திரம் கழுவலும். 1:15 முதல் 1:45 வரை கதை வாசிப்பு. சின்னவர்கள் பாயில் படுத்துக்கொண்டு கேட்பார்கள். 1:45 முதல் 3 மணி வரை தோட்டம், தச்சு, தையல், பாட்டு, ஊருக்குள் போவது என்று கிழமைக்கு ஒன்று. 3 மணிக்குப் பொருள்களை ஒதுங்கவைப்பது, 3:15க்கு முடிவு வட்டம், 3:30க்கு வீடு.

கல்வி உரிமைச் சட்டம் 1 முதல் 5ஆம் வகுப்பு வரை வருடத்துக்கு 200 நாள், 800 மணி நேரம் கற்பித்தல் இருக்க வேண்டும் என்கிறது. ஒரு நாளைக்கு 4 மணி நேரம். மேலே உள்ளதில் விளையாட்டையும் சாப்பாட்டையும் பெருக்குவதையும் கழித்துவிட்டு காலை வட்டம், வேலை நேரம், வாசிப்பு, பிற்பகல் ஆகியவற்றை மட்டும் கூட்டினாலே 4 மணி 45 நிமிடம் வருகிறது.

பத்து நிமிஷம் லேட்டா வந்தா என்ன? சின்னப் பசங்கதானே.

ஒரு நாள் என்றால் ஒன்றும் இல்லை. தினமும் என்றால் குழந்தைக்குத்தான் நஷ்டம். 8:30 முதல் 9 வரையான அரை மணிதான் வீட்டிலிருந்து பள்ளிக்கு மனம் மாறும் நேரம். செருப்பை வரிசையில் விடுவது, பையை மாட்டுவது, வருகைப் பலகையில் தன் பெயர்ச்சீட்டைத் திருப்பிவைப்பது, அன்றைய வானிலையைக் குறிப்பது, தோழியிடம் நேற்று நாய் குட்டி போட்டதைச் சொல்வது எல்லாம் அப்போதுதான். இதைத் தவறவிட்ட குழந்தை வட்டத்தின் நடுவில் வந்து உட்காரும். அதன் பேச்சு தீராமல் இருப்பதால் வேலை நேரத்தில் பக்கத்தில் இருப்பவரிடம் பேசித் தீர்க்கும். ‘கவனமே இல்லை’ என்று புகார் வரும் குழந்தைகளில் சிலருக்கு வருகை நேரத்தைச் சரிசெய்தாலே பாதிச் சிக்கல் போய்விடுகிறது.

வட்டத்துல உக்காந்து என்னதான் பண்றாங்க?

முதலில் இரண்டு பாட்டு, ஒன்று எல்லாருக்கும் தெரிந்தது, ஒன்று புதியது. அடுத்து ஒரு நிமிட அமைதி: கண்ணை மூடி வெளியே கேட்கும் சத்தங்களை எண்ணிச் சொல்வது. பிறகு யாருக்காவது சொல்ல வேண்டியது இருந்தால் சொல்லலாம். ஒரு நாளைக்கு ஐந்து பேருக்கு மேல் இல்லை. கடைசியில் இன்று யார் பரிமாறுவது, யார் தண்ணீர், எந்தச் சிறு குழு எந்த ஆசிரியரிடம் எப்போது பாடத்துக்கு வர வேண்டும் என்ற அறிவிப்பு.

இருபது நிமிடத்தைத் தாண்டக் கூடாது. ஆறு வயதுக் குழந்தை அதற்குமேல் சம்மணம் போட்டு உட்காராது. பெரியவர்கள் அறிவுரை சொல்லத் தொடங்கும் இடத்தில்தான் வட்டம் கெடுகிறது. அறிவுரைக்கு வட்டம் இடமல்ல.

ரெண்டே முக்கால் மணி நேரம் ஒரே மூச்சுல எந்தக் குழந்தைங்க உக்காரும்? என் பையன் பத்து நிமிஷம் உக்கார மாட்டான்.

ஒரே இடத்தில் உட்கார வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அந்த 2 மணி 40 நிமிடமும் அவன் வேலையை வெட்டுவதற்கு மணி அடிக்காது என்பதே பொருள். எழுந்து தண்ணீர் குடிக்கலாம், ஒன்றை முடித்து வைத்துவிட்டு இன்னொன்றை எடுக்கலாம், இன்னொருவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். பத்தரை மணிச் சுண்டலுக்குக்கூட எல்லாரும் ஒன்றாக எழ வேண்டாம். நான்கு பேர் உட்காரும் சிறு மேசை ஒன்று இருக்கும். இடம் காலியானதும் ஒருவர் போய் இரண்டு கரண்டி எடுத்துச் சாப்பிட்டு, கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு வருவார்.

இந்தக் காலைநேரம் ஒரே சீராக ஓடாது. தொடங்கி முக்கால் மணி, ஒரு மணி ஆனதும் அறையில் சலசலப்பு எழும். பாதிப் பேர் எழுந்து நடப்பார்கள், குரல் உயரும். மாண்டிசோரி இதைக் கவனித்து ‘பொய்க் களைப்பு’ என்று எழுதினார். பத்து, பதினைந்து நிமிடம் விட்டால் தானே அடங்கும். அதற்குப் பிறகுதான் அன்றைய மிகக் கடினமான வேலையைக் குழந்தைகள் எடுக்கிறார்கள். அனுபவம் இல்லாத ஆசிரியர் அந்தச் சலசலப்பைக் கேட்டதும் கைதட்டி எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவார். அதோடு காலையின் நல்ல பாதி போய்விடும். நாளில் வேறு எதை மாற்றினாலும் பரவாயில்லை, இந்த நேரத்தை மட்டும் துண்டுபோடக் கூடாது. யோகா மாஸ்டர், நடன டீச்சர், பிறந்தநாள் கேக், பார்வையாளர் யாராக இருந்தாலும் பிற்பகல்தான்.

அப்ப கணக்கு பீரியட் எங்க? தமிழ் எப்ப நடத்துவீங்க?

அதே வேலை நேரத்துக்குள்தான். ஆசிரியர் மூன்று நான்கு குழந்தைகளைப் பாயில் கூப்பிட்டு 10 முதல் 15 நிமிடம் ஒரு புதிய பாடம் காட்டுவார். பிறகு அவர்கள் அதைத் தாங்களே செய்து பழகுவார்கள். மூன்று ஆசிரியர்கள் காலையில் ஆளுக்கு ஐந்து ஆறு சிறு பாடங்கள் கொடுத்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் தினமும் ஒன்றாவது கிடைத்துவிடும்.

கணக்கைப் பொருளில் தொடங்குவார்கள். பத்துப் புளியங்கொட்டை சேர்ந்தால் ஒரு சுருக்குப்பை. பத்துப் பை ஒரு டப்பா. 47ஐயும் 38ஐயும் கூட்டும் குழந்தை 4 பை 7 கொட்டை, 3 பை 8 கொட்டை என்று எடுத்து வைக்கும். உதிரி 15 ஆகும்போது அதில் பத்தை எண்ணிப் பையில் போட்டுக் கட்டும். 8 பை, 5 கொட்டை, ஆக 85. பின்னால் தாளில் ‘மீதி 1’ என்று எழுதும்போது அந்த 1 எங்கிருந்து வந்தது என்று அதற்குத் தெரியும். பல்லாங்குழியும் அலமாரியில் இருக்கும்: 14 குழி, குழிக்கு 5 காய், மொத்தம் 70. அள்ளிய காய்களைக் குழிக்கு ஒன்றாகப் போட்டால் எங்கே போய் முடியும் என்று முன்கூட்டியே சொல்லப் பார்க்கும் குழந்தை மனக்கணக்கு போடுகிறது.

தமிழில் அகரவரிசைப்படி 247 எழுத்தையும் முடித்துவிட்டு வாசிப்புக்கு வருவதில்லை. ட, ப, ம போல வடிவில் நெருங்கிய சில எழுத்துகளை உப்புத்தாளில் வெட்டி ஒட்டி, எழுதும் திசையிலேயே விரலால் தடவிப் பழகுவார்கள். அந்த மூன்றோடு புள்ளியையும் சேர்த்தாலே படம், மடம், பட்டம், மட்டம் என்று முதல் வாரத்திலேயே முழுச் சொற்களை வாசிக்கலாம். வாசிக்க முடிகிறது என்ற அந்த ருசி வந்துவிட்டால் மற்ற எழுத்துகளைக் குழந்தையே கேட்டு வாங்கும்.

எதையும் எடுக்காம சும்மா திரியற பிள்ளையை என்ன செய்வீங்க? இஷ்டம்னு விட்டுடுவீங்களா?

விட மாட்டார்கள். புதிதாகச் சேர்ந்த குழந்தை இரண்டு மூன்று வாரம் திரிவது வழக்கம். அதற்கு அறை முழுக்கத் திறந்துவிடக் கூடாது. ‘இதுவா, அதுவா’ என்று இரண்டே இரண்டு வேலைகளைக் காட்ட வேண்டும். அறுபது பொருள் உள்ள அலமாரிக்கு முன்னால் நிற்கும் குழந்தைக்குத் தேர்வு செய்யத் தெரியாது, மலைப்புதான் வரும்.

மூன்று வாரத்துக்குப் பிறகும் திரிந்தால் காரணம் பார்க்க வேண்டும். வேலை ரொம்ப எளிதா, எட்டாத உயரத்திலா, காலையில் சாப்பிடாமல் வருகிறதா, இரவு எத்தனை மணிக்குத் தூங்குகிறது? ஆசிரியர் ஒரு நாள் முழுக்க ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அந்தக் குழந்தை எங்கே, என்ன செய்கிறது என்று குறித்துப் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். திரிவதாக நினைத்த குழந்தை மூன்று பேருடைய வேலையை அருகில் நின்று முழுதாகக் கவனித்திருக்கும், அதுவும் படிப்புதான்.

அஞ்சு வயசும் எட்டு வயசும் ஒரே ரூம்ல எப்படி? பெரியவ சின்னதுக்குச் சொல்லிக்குடுத்தே அவ படிப்பு போயிடாதா?

வீட்டிலும் தெருவிலும் குழந்தைகள் கலந்துதான் இருக்கிறார்கள். மூன்று வயது வித்தியாசம் உள்ளவர்களை ஒன்றாக வைத்தால் சின்னது பெரியதைப் பார்த்து அடுத்து என்ன வரும் என்று தெரிந்துகொள்ளும். பெரியது சொல்லிக்கொடுக்கும்போது தனக்கு எங்கே புரியவில்லை என்று கண்டுபிடிக்கும். கடன் வாங்கிக் கழித்தலை இன்னொருவருக்கு விளக்க முடியாத குழந்தைக்கு அது இன்னும் வரவில்லை என்று பக்கத்தில் இருக்கும் ஆசிரியருக்கும் தெரிந்துவிடும்.

உங்கள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. பொறுப்பான பெண் குழந்தைகளை உதவி ஆசிரியராகவே ஆக்கிவிடுவது பல பள்ளிகளில் நடக்கிற தவறு. ஒரு நாளைக்கு ஒருவர் இருபது நிமிடத்துக்கு மேல் சொல்லிக்கொடுக்கக் கூடாது, பையன்களுக்கும் சமமாக முறை வர வேண்டும், ‘இப்ப எனக்கு வேலை இருக்கு’ என்று மறுக்கும் உரிமை இருக்க வேண்டும். நீங்கள் சேர்க்கும் பள்ளியில் இது எப்படி என்று கேளுங்கள்.

டீச்சரை அக்கா, அண்ணான்னு கூப்பிடறாங்களே, மரியாதை போயிடாதா?

போகாது. அக்கா, அண்ணன் என்ற சொல்லிலேயே மரியாதை இருக்கிறது. சமையல் செய்கிறவரும் அக்கா, தோட்டக்காரரும் அண்ணன், கணக்குச் சொல்லித்தருகிறவரும் அண்ணன் என்று எல்லாரையும் ஒரே முறையில் கூப்பிடும் இடத்தில் வேலையை வைத்து ஆளை உயர்த்துவதும் தாழ்த்துவதும் குறைகிறது.

பெருக்கறது, பரிமாறறது, பாத்திரம் கழுவறது... இதுக்கா ஃபீஸ் கட்டறோம்?

இதற்கும் சேர்த்துத்தான். 40 பேருக்குச் சமைக்க என்ன வேண்டும் என்பதே மூன்றாம் வகுப்புக் கணக்கு. மதிய உணவுத் திட்டத்தில் தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு வகுத்திருக்கும் அளவு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய். அப்படியானால் 4 கிலோ அரிசி, 800 கிராம் பருப்பு, 2 கிலோ காய். இன்று ஆறு பேர் வரவில்லை என்றால்? முறைக்காரக் குழந்தைகள் காலை 9:30க்குத் தலை எண்ணி, கணக்குப் போட்டு, சமையல் அக்காவிடம் சீட்டுக் கொடுப்பார்கள். தப்பாகப் போட்டால் சோறு மீறும் அல்லது பற்றாது. அக்கா ஒரு தடவை சரிபார்ப்பார், திருத்துவது குழந்தைகள்தான்.

பரிமாற நான்கு பேர். ஒருவருக்கு ஒரு பாத்திரம், சின்னக் கைக்குப் பிடிக்கும் கரண்டி. சாப்பிடுகிறவர் ‘கொஞ்சம்’, ‘போதும்’ என்று சொல்ல வேண்டும், வாங்கியதை மிச்சம் வைக்கக் கூடாது. எல்லாருக்கும் பரிமாறிய பிறகுதான் தொடங்குவது. பரிமாறியவர்களுக்குப் பெரியவர்கள் பரிமாறுவார்கள். கழுவ மூன்று தொட்டி. மிச்சத்தை உரக்கூடையில் தட்டிவிட்டு முதல் தொட்டியில் அலசு, இரண்டாவதில் சீயக்காயும் தேங்காய் நாரும் வைத்துத் தேய், மூன்றாவதில் நல்ல தண்ணீர். மூன்றாம் தொட்டித் தண்ணீரைப் பத்துத் தட்டுக்கு ஒரு தடவை மாற்றாவிட்டால் பிசுக்கு ஒட்டிக்கொள்ளும், மறுநாள் தட்டில் வாடை வரும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில சாதிக் குழந்தைகளை மட்டும், பெண் குழந்தைகளை மட்டும் கழிப்பறை கழுவவும் பெருக்கவும் வைத்த கொடுமை நம் ஊர்ப் பள்ளிகளில் நடந்திருக்கிறது. ஆகவே முறைப் பட்டியல் சுவரில் எல்லாரும் பார்க்கும்படி ஒட்டப்பட்டிருக்க வேண்டும். ஆசிரியர் பெயரும் தாளாளர் பெயரும் அதில் இருக்க வேண்டும். தண்டனையாக ஒருபோதும் சுத்தம் செய்யச் சொல்லக் கூடாது. பட்டியல் இல்லாத பள்ளியில் இந்த வேலைகளுக்குச் சம்மதிக்காதீர்கள்.

அடிக்க மாட்டீங்க, திட்டவும் மாட்டீங்க. ஒருத்தன் எம்பிள்ளையைக் கடிச்சு வெச்சா?

முதலில் காயம். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். தோல் கிழிந்திருந்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும், இரண்டு வீட்டுக்கும் அன்றே தகவல் போக வேண்டும். அடுத்து இரண்டு பேரும் தணிகிற வரை தனித்தனியே பெரியவர் ஒருவரோடு இருப்பார்கள். அழுகை ஓயாமல் பேச்சுத் தொடங்கக் கூடாது. தணிந்ததும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் சொல்வார். மற்றவர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்வார். பிறகு முறை மாறும். கடைசியில் கடித்தவன் எப்படி ஈடுசெய்வது என்று இருவரும் முடிவு செய்வார்கள். காயத்துக்கு மருந்து போட உடன் போவது, தட்டிவிட்ட வேலையைத் திரும்ப அடுக்கிக் கொடுப்பது போல ஏதாவது. வாயளவில் ‘ஸாரி’ சொல்ல வைத்து அனுப்புவது எதையும் தீர்ப்பதில்லை. ஒரே குழந்தை திரும்பத் திரும்பக் கடித்தால் அது தண்டனைக்குரிய விஷயமல்ல. அந்த நேரத்தில் ஒரு பெரியவர் கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

பலரைத் தொடும் பிரச்சினைகள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குப் போகும். வாரம் முழுக்கக் குழந்தைகள் ஒரு நோட்டில் எழுதி வைப்பார்கள் (எழுத வராதவர் படம் வரையலாம்): ‘பெரிய அண்ணனுங்க ஊஞ்சலை விட மாட்டேங்கறாங்க.’ தலைமை ஒரு குழந்தை, குறிப்பு எடுப்பது இன்னொரு குழந்தை, பெரியவரும் கை தூக்கித்தான் பேச வேண்டும். 1921இல் ஜெர்மனியில் தொடங்கி, பிறகு இங்கிலாந்துக்கு மாறிய சம்மர்ஹில் பள்ளியில் ஆறு வயதுக் குழந்தைக்கும் தலைமை ஆசிரியருக்கும் ஆளுக்கு ஒரு ஓட்டு. சிறு பள்ளிகளில் ஓட்டைவிட எல்லாரும் ஒத்துக்கொள்கிற வரை பேசுவதுதான் ஒத்துவருகிறது. தோற்ற கட்சி ஒன்று மிஞ்சாது. 45 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். ஒரே குழந்தையின் பெயர் மூன்று வாரம் தொடர்ந்து நோட்டில் வந்தால் கூட்டத்தில் எடுக்கக் கூடாது, தனியே பேச வேண்டும். இல்லாவிட்டால் கூட்டம் நீதிமன்றமாகிவிடும். அடிப்பதும் மனத்தைப் புண்படுத்துவதும் எந்தப் பள்ளியிலும் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவே சொல்கிறது. அது மாற்றுப் பள்ளியின் சலுகை அல்ல.

மழை பேஞ்சா?

வெளி விளையாட்டு திண்ணைக்கு மாறும், தாயமும் சொட்டாங்கல்லும் வெளியே வரும். லேசான தூறல் என்றால் நனைந்தே விளையாடுவார்கள். ஆகவே ஒரு மாற்றுத்துணி எப்போதும் பையில் இருக்கட்டும்.

பெத்தவங்க வந்து உதவணும்னு சொல்றீங்க. நான் வேலைக்குப் போறவ, லீவு எடுக்க முடியாது.

மாதத்தில் ஒரு அரைநாளுக்கு ஈடான உதவியைத்தான் பெரும்பாலான பள்ளிகள் கேட்கின்றன, அது பகலில்தான் என்றில்லை. கிழிந்த புத்தகங்களை ஒட்டுவது, சுருக்குப்பை தைப்பது, கணக்கு வழக்கு பார்ப்பது, சனிக்கிழமை மண்சுவர் பூசுவது எல்லாம் கணக்கில் சேரும். தாத்தா பாட்டி வரலாம். பணம் கொடுத்து இந்தப் பங்கிலிருந்து கழன்றுகொள்ளும் வழியை வைத்த பள்ளிகளில், வசதி உள்ளவர்கள் கொடுத்துவிட்டு ஒதுங்க, மற்றவர்கள் மட்டும் உழைக்கிற நிலை வருகிறது. அந்த வழி இல்லாமல் இருப்பதே நல்லது.

வகுப்பறைக்குள் வருகிற பெற்றோருக்கு இரண்டே விதி. உங்கள் பிள்ளையின் வேலையைத் திருத்தாதீர்கள். கேட்காத குழந்தைக்கு உதவாதீர்கள்.

ஊர்க்காரங்க எதுக்கு ஸ்கூலுக்கு வரணும்?

குயவரோ, கூடை முடைபவரோ, வைத்தியம் தெரிந்த பாட்டியோ வந்து ஒரு மணி நேரம் ‘நிகழ்ச்சி’ காட்டிவிட்டுப் போவதால் அதிகம் கிடைக்காது. குழந்தைகள் அவர் இடத்துக்குப் போவதும், ஒரே ஆளிடம் நான்கைந்து வாரம் தொடர்ந்து போவதும்தான் பலன் தரும். முதல் வாரம் பார்ப்பது மட்டும். இரண்டாம் வாரம் கேள்விகளோடு போவது. ஒரு குழந்தைக்கு ஒரு கேள்வி, முன்பே எழுதி வைத்தது. மூன்றாவது, நான்காவது வாரம் கையால் செய்வது. கடைசியில் கற்றதை அவரிடமே காட்டுவது.

பத்துக் குழந்தைக்கு இரண்டு பெரியவர், முதலுதவிப் பை, தண்ணீர், திரும்பும் நேரம் கரும்பலகையில். பாடம் சொல்லித்தருகிறவருக்கு அந்த நேரத்துக்கான கூலியைப் பள்ளி கொடுக்க வேண்டும். சால்வை போர்த்துவது கூலியாகாது.

ஹோம்வொர்க் உண்டா?

இல்லை. வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது இரண்டு: தினமும் 15 நிமிடம் வாசித்துக் காட்டுங்கள், ஒரு வீட்டு வேலையை முழுசாகக் குழந்தையிடம் விடுங்கள்.

ரேங்க் கார்டும் இல்லை, பரீட்சையும் இல்லை. எம்பிள்ளை தேறுறாளா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?

ஆசிரியரின் குறிப்பேட்டில் தெரியும். குழந்தைகள் போன பிறகு அரை மணி நேரம் குறிப்பு எழுதாத பள்ளி இந்த முறையை நடத்தவே முடியாது. ஓர் ஆசிரியரின் பொறுப்பில் 13, 14 குழந்தைகள். வாரம் இரண்டு தடவை ஒவ்வொருவரைப் பற்றியும் எழுத, நாளைக்கு ஐந்தாறு பேர் போதும். ‘நன்றாகச் செய்தாள்’ என்ற குறிப்பால் பயனில்லை. ‘இரண்டு இலக்கக் கூட்டல் பை இல்லாமல் 5இல் 4 சரி, பூஜ்ஜியம் வரும் கணக்கில் தடுமாற்றம்’ என்பதே குறிப்பு. இதோடு தேதி போட்ட வேலைகள் மாதம் ஒன்றாகக் கோப்பில் சேரும். ஜூனில் எழுதியதையும் டிசம்பரில் எழுதியதையும் அருகருகே வைத்தால் யாரும் விளக்க வேண்டியதில்லை.

வருடத்துக்கு மூன்று தடவை குழந்தையும் உட்காரும் சந்திப்பு இருக்கும். அதில் பேச்சு மட்டும் நடந்து கோப்பு மேசைக்கு வரவில்லை என்றால், கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஏழு வயசாச்சு, இன்னும் வாசிக்க வரலை. ‘தானா வரும்’னு சொல்றாங்க. காத்திருக்கலாமா?

மாற்றுப் பள்ளிகள் அடிக்கடி சறுக்கும் இடம் இது. குழந்தைக்குக் குழந்தை வேகம் மாறும் என்பது உண்மை. ஐந்தரையில் வாசிப்பவரும் ஏழில் வாசிப்பவரும் பத்து வயதில் ஒரே மாதிரி இருக்கலாம். அதை வைத்து எல்லாத் தாமதத்தையும் தள்ளிவைக்கக் கூடாது.

முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். பிறகு பார்க்க வேண்டியவை: ‘மரம்’ என்ற சொல்லை ம-ர-ம் என்று பிரித்துச் சொல்ல வருகிறதா, ஒரே ஓசையில் முடியும் சொற்களைக் கண்டுபிடிக்கிறதா, நேற்றுக் கற்ற எழுத்து இன்று நினைவிருக்கிறதா. ஆசிரியர் தினமும் 15 நிமிடம் தனியாக உட்கார்ந்து ஆறு வாரம் முறையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அப்போதும் நகரவில்லை என்றால் கற்றல் குறைபாடு பற்றித் தெரிந்த சிறப்பாசிரியரிடம் காட்ட வேண்டும். எட்டு வயதைத் தாண்டவிட்டால் குழந்தை ‘எனக்கு வராது’ என்று தானே முடிவுகட்டிவிடும். அதை மாற்றுவது எழுத்தைக் கற்பிப்பதைவிடக் கடினம்.

இங்கிலீஷ் வருமா?

வரும், இரண்டாவதாக. முதல் இரண்டு வருடம் பாட்டு, கதை, அன்றாடப் பேச்சு. தமிழில் தடையில்லாமல் வாசிக்கத் தொடங்கிய பிறகு ஆங்கில எழுத்து. வாசிப்பது என்றால் என்ன என்று ஒரு மொழியில் பிடிபட்ட குழந்தைக்கு அடுத்த மொழியில் அதை மறுபடி முதலிலிருந்து கற்பிக்க வேண்டியதில்லை.

இதெல்லாம் சட்டப்படி சரியா? டீசி குடுப்பாங்களா?

அங்கீகாரம் இல்லாமல் பள்ளி நடத்தக் கூடாது என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் 18ஆம் பிரிவு. ஆகவே சேர்க்கும் முன் அங்கீகாரச் சான்றைக் கேட்டு, எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். குழந்தைக்கு எமிஸ் எண் (அரசின் கல்விப் பதிவேட்டில் மாணவருக்குத் தரும் எண்) கிடைக்குமா என்றும் கேளுங்கள். சில இடங்கள் ‘கற்றல் மையம்’ என்ற பெயரில் அங்கீகாரம் இல்லாமல் நடக்கின்றன. அங்கிருந்து டீசி கிடைக்காது. இதை முதல் நாளே உங்களிடம் சொல்வது அவர்கள் கடமை.

டீசி இல்லாமல் வந்தாலும் வழி அடைபடுவதில்லை. எட்டாம் வகுப்பு வரை, பள்ளியில் சேராத குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துக்கொண்டு, பின்தங்கிய இடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும் என்கிறது 4ஆம் பிரிவு.

அஞ்சாவது முடிச்சு பெரிய ஸ்கூலுக்குப் போனா தாக்குப் பிடிப்பானா?

பாடத்தைவிட மற்றவைதான் முதலில் இடிக்கும்: 40 நிமிடத்துக்கு ஒரு மணி, கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும், கரும்பலகையில் இருப்பதை வேகமாக எழுதியெடுக்க வேண்டும், நேரம் வைத்துப் பரீட்சை. நல்ல பள்ளிகள் கடைசி வருடத்தின் பிற்பாதியில் இவற்றைப் பழக்குகின்றன. வாரம் ஒரு நாள் 45 நிமிடம் மௌனமாக எழுதும் தாள், சமச்சீர்ப் பாடப் புத்தகத்தின் கேள்வி அமைப்பு, வேகமாக எழுதும் பயிற்சி. பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு பருவத்தில் பழகிவிடும். கேள்வி கேட்டதற்குத் திட்டு வாங்கும்போதுதான் அதிகம் கலங்குவார்கள், அதை வீட்டில் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

பத்தாவது பரீட்சைக்கு என்ன வழி?

பத்தாம் வகுப்பு வரை இருக்கும் மாற்றுப் பள்ளிகள் பலவும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் (என்.ஐ.ஓ.எஸ்.) தேர்வுக்கு அனுப்புகின்றன. 14 வயது நிறைந்திருக்க வேண்டும். ஐந்து பாடம் தேறினால் சான்றிதழ். வருடத்துக்கு இரண்டு முறை, ஏப்ரல்-மே, அக்டோபர்-நவம்பர் என்று தேர்வு நடக்கும்; ஐந்து வருடத்துக்குள் பாடத்தைப் பிரித்து எழுதலாம்.

பாடத் தேர்வில் ஏமாந்துவிடாதீர்கள். பதினொன்றில் அறிவியல் பிரிவு வேண்டும் என்றால் பத்தில் கணக்கும் அறிவியலும் எழுதியிருக்க வேண்டும். ஓவியமும் மனையியலும் எளிது என்று எடுத்துவிட்டுப் பின்னால் மாட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். சேர நினைக்கும் மேல்நிலைப் பள்ளியிடம் ஒரு வருடம் முன்பே நேரில் போய்க் கேட்டுவிடுங்கள்.

ஒரு தடவை போய்ப் பார்த்தா நல்ல பள்ளியா இல்லையான்னு கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவு முடியும். சாதாரண வேலை நாளில், காலை 9:20 முதல் 11 வரை, ஓரமாக உட்கார அனுமதி கேளுங்கள். சிறப்பு விழாவன்று கூப்பிட்டால் நன்றி சொல்லிவிட்டு வேறு நாள் கேளுங்கள். மேலே சொன்ன பத்துமணிச் சலசலப்பு வரும்போது ஆசிரியர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். அவர் பேசுகிற நேரத்தில் எவ்வளவு தரையில், குழந்தை உயரத்தில்? அலமாரிப் பொருள்கள் எடுத்த இடத்துக்குத் திரும்புகின்றனவா? முறைப் பட்டியல் சுவரில் இருக்கிறதா? ஒரு குழந்தையின் கோப்பைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள், பெயரை மறைத்துக் காட்டினால் போதும். கழிப்பறையை நீங்களே போய்ப் பாருங்கள். கிளம்பும் முன் சமையல் அக்காவிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள்; எந்தக் குழந்தை எதைச் சாப்பிடாது என்று அவர் பெயர் சொல்லிச் சொன்னால், சேர்க்கைப் படிவம் வாங்கிக்கொள்ளலாம்.